மஞ்சள் விளக்கு சொல்வதும் சொல்லாததும்

காரின் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், ஓட்டுநரின் எதிரேயுள்ள பலகையில் பல சிறு விளக்குகள் ஒருசேர எரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று மஞ்சள் நிறமானது. எஞ்சினின் வெளிக்கோட்டு உருவம் கொண்டது. எஞ்சின் கிளம்பியவுடன் அது அணைந்துவிட வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால் ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

அதற்குப் பிறகு நடப்பதையும் பலர் அறிவர். வண்டி பட்டறைக்குப் போகிறது. பட்டறைக்காரர் கையடக்கமான ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்து, ஸ்டீயரிங்கின் கீழே உள்ள 16 முனைச் செருகுவாயில் பொருத்துகிறார். திரையில் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றுகின்றன. “சென்சார் போய்விட்டது சார், மாற்ற வேண்டியதுதான்” என்கிறார். மாற்றுகிறார், விளக்கு அணைகிறது, பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரு வாரம் சென்றபின் அதே விளக்கு மீண்டும் எரிகிறது.

இங்கே தவறு யாருடையது? பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் பெரும்பாலும் அவர் ஏமாற்றுவதில்லை. ஸ்கேனர் காட்டியதை நம்பி அப்படியே செய்கிறார். தவறு மூன்று இடங்களில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, விளக்கின் அமைப்பில். இரண்டு, ‘உணரி கெட்டதற்கான அறிகுறிகள்’ என்று எழுதப்படும் பட்டியல்களில். மூன்று, ஒரு சாட்சியின் சொல்லைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்தில். இவை மூன்றையும் சற்று ஆராய்வோம்.

விளக்கு யாருக்காகப் பிறந்தது?

இந்த விளக்கு கார் வைத்திருப்பவரின் வசதிக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1940-களிலேயே கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டத்தால் அவதிப்பட்டது. ஹாகன் ஸ்மித் என்ற வேதியியல் அறிஞர், கார்களின் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். அதன் பிறகு கலிபோர்னியா மாநிலம் கார்ப் புகைக்குக் கடுமையான வரம்புகளை விதிக்கலாயிற்று.

புதுக் காரைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால் மட்டும் போதாது, அது பழையதான பின்னும் சுத்தமாக ஓடுகிறதா என்பதைக் காரே கவனித்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்தே பிறந்தது. கலிபோர்னியா 1985-இல் இதற்கான விதியை இயற்றி, 1988 மாதிரிக் கார்களிலிருந்து நடைமுறைப்படுத்தியது. இரண்டாம் தலைமுறை விதிகள் 1996-இல் அமெரிக்கா முழுவதற்கும் வந்தன. இந்தியாவில் இம்முறை 2010-இல் முதற்கட்டமாகவும் 2013-இல் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமாயிற்று.

ஆகவே இந்த விளக்கு காற்றின் சார்பில் பேசும் காவலாளி என்று நினைவிற் கொள்ளுங்கள். புகை வரம்பை மீறும் என்று காரிலுள்ள கணிப்பொறி கருதும்போது அது எரியும். எஞ்சினின் பேரிங் தேய்ந்து ‘கடகட’ என்று ஒலித்தாலும், புகை கெடாத வரையில் அது வாய் திறக்காமல் இருக்கக்கூடும். விளக்கு எரியவில்லை என்பதனால் எஞ்சின் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

இதன் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான வெவ்வேறு கோளாறுகளுக்கு ஒரே படம், ஒரே நிறம். அமெரிக்கக் கார்களில் பெட்ரோல் தொட்டியின் மூடியைச் சரியாக இறுக்காவிட்டாலும் இந்த விளக்குத்தான். ஆயிரக்கணக்கான ரூபாய் பெறும் வினையூக்கி மாற்றி செயலிழந்தாலும் இந்த விளக்குத்தான். ஒரே ஒரு வேறுபாடு மட்டும் வைத்திருக்கிறார்கள். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் வினையூக்கி மாற்றியைச் சிதைக்கும் அளவுக்கு எஞ்சினில் எரிதல் தவறுகிறது, ஆக்சிலரேட்டரை உடனே தளர்த்திப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். இத்தனை முக்கியமான வேறுபாட்டைக் காருடன் வரும் கையேட்டின் ஒரு மூலையில் ஓரிரு வரிகளில் அடக்கிவிடுகிறார்கள். கார் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? உங்கள் வீட்டில் கார் இருந்தால், ஓட்டுபவரிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.

பட்டியல்களின் பயனின்மை

உணரி கெட்டால் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பவருக்குப் பல இடங்களில் ஒரு பட்டியல் கிடைக்கிறது. மைலேஜ் குறையும், பிக்கப் இருக்காது, ஐட்லிங்கில் எஞ்சின் நடுங்கும், கறுப்புப் புகை வரும், மஞ்சள் விளக்கு எரியும். ஆக்சிஜன் உணரிக்கு இந்தப் பட்டியல். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் காற்றளவு உணரிக்கும் இதே பட்டியல். வெப்ப உணரிக்கும் ஏறக்குறைய இதுவே.

இவற்றில் எழுதியிருப்பது பொய்யன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் அறிகுறி எதையும் சுட்டிக்காட்டாது. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும் என்று சொன்னால், அது மலேரியாவா டைபாய்டா என்பது தெரிந்துவிடுமா? அடைத்துப்போன காற்று வடிகட்டியும், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், ஏன், காற்றுக் குறைந்த டயரும்கூட மைலேஜைக் குறைக்கும். நெருப்பில்லாமல் புகையாது என்பது சரிதான். ஆனால் புகையை மட்டும் பார்த்து எந்த வீட்டு அடுப்பு என்று சொல்லிவிட முடியாது.

நமக்கு வேண்டியது பிரித்துக் காட்டும் அறிகுறி. அதை அறிய வேண்டுமானால் உணரி என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஆக்சிஜன் உணரி கூறும் சாட்சியம்

1 கிலோகிராம் பெட்ரோல் சரியாக எரிந்து தீர ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இந்த விகிதத்தை ஒட்டி எஞ்சின் ஓடினால்தான் வினையூக்கி மாற்றியால் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே நீக்க முடியும். விகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் புகைக்குழாயில் வைக்கப்பட்டதே ஆக்சிஜன் உணரி. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இதனை 1976-இல் வால்வோ நிறுவனம் முதன்முதலாகத் தன் கார்களில் பொருத்தியது.

அதன் உள்ளே சிர்க்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருள் இருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் பிளாட்டினப் பூச்சு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும், இரு பக்கங்களிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டிற்கேற்ப அது மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. புகையில் ஆக்சிஜன் இல்லாவிட்டால், அதாவது பெட்ரோல் மிகுந்திருந்தால், ஏறத்தாழ 0.9 வோல்ட். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட். கணிப்பொறி இதைப் பார்த்துப் பெட்ரோலைச் சிறிது கூட்டும், சிறிது குறைக்கும். ஆகவே நல்ல எஞ்சினில் இந்த அளவு ஓயாமல் மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். இப்போதைய கார்கள் பலவற்றில் அகன்ற வீச்சுடைய வேறுவகை உணரி உண்டு. அதன் எண்கள் வேறு, கருத்து ஒன்றே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உணரி அறிவது ஆக்சிஜனை மட்டும். பெட்ரோலை அது பார்ப்பதே இல்லை. இந்தச் சிறு உண்மையை மறப்பதனால்தான் பெரும்பாலான தவறான பழுதுபார்ப்புகள் நிகழ்கின்றன. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். அந்தச் சிலிண்டரில் உறிஞ்சப்பட்ட காற்றும் பெட்ரோலும் எரியாமல் அப்படியே வெளியேறும். எரியாத காற்றிலுள்ள ஆக்சிஜனை உணரி கண்டு, “ஆக்சிஜன் மிச்சம்” என்று சொல்லும். கணிப்பொறி, பெட்ரோல் போதவில்லை போலும் என்று எண்ணி மேலும் பெட்ரோலை ஊற்றும். எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குள் போய் எரிந்து, அதனை உருகும் அளவுக்குச் சூடாக்கும். உணரி பொய் சொல்லவில்லை. பெட்ரோல் வாடை மிகுந்த புகையையும், “காற்று மிகுதி” என்ற குறியீட்டையும் ஒன்றாகக் கண்டவர் உணரியைத்தான் பழிப்பார். ஆனால் மாற்ற வேண்டியது பிளக்கை.

இரண்டாவது, மாற்றிக்குப் பின்னால் இருக்கும் உணரி. நல்ல மாற்றி ஆக்சிஜனைச் சேமித்து வைத்து வெளிவிடுவதால், பின்னுணரியின் அளவு பெரும்பாலும் ஆடாமல் நிற்க வேண்டும். மாற்றி நலிந்தால் பின்னுணரியும் முன்னுணரியைப் போலவே ஊசலாடத் தொடங்கும். அப்போது பி0420 என்ற குறியீடு வரும். மாற்றியின் விலை அதிகம், உணரியின் விலை குறைவு. எனவே முதலில் உணரியை மாற்றிப் பார்ப்போம் என்கிறார்கள். ஆனால் முன்னுணரியோடு சேர்ந்து தாளந்தவறாமல் ஊசலாடும் பின்னுணரி, தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருக்கும் உணரி! எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

அப்படியானால் ஆக்சிஜன் உணரி கெடுவதே இல்லையா? கெடும். ஈயம் கலந்த பெட்ரோல் அதற்கு நஞ்சு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு அது நின்றுவிட்டது. எரியும் எஞ்சின் எண்ணெயின் சாம்பலும், தவறான சிலிகோன் பசையும் இன்றும் அதனைக் கெடுக்கும். கெட்ட உணரியின் தனி அடையாளம் சோம்பல். மெக்கானிக் வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டினால் நல்ல உணரி சட்டென்று 0.8 வோல்ட்டுக்கு மேல் ஏறும். காற்றைக் கூட்டினால் 0.2 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கும். இரண்டும் நொடியில் சிறு பகுதிக்குள் நிகழும். தள்ளாடி ஏறி, தள்ளாடி இறங்கினாலோ, ஓரிடத்திலேயே ஒட்டிக்கொண்டாலோ, அப்போது அதைக் குற்றவாளி என்று கூறலாம்.

வெப்ப உணரியும் பச்சை பூத்த கப்ளரும்

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. குளிர்நீரின் வெப்பநிலையை அளக்கும் உணரி, வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருளால் ஆனது. பரவலாக வழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 60 டிகிரியில் சுமார் 600 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம் இருக்கும். ஒயர் அடியோடு அறுந்துவிட்டால் கணிப்பொறிக்கு எஞ்சின் −40 டிகிரியில் இருப்பதாகத் தோன்றும். சென்னை வெயிலில் இது நடக்காதென்று அதற்கும் தெரியும்! உடனே குறியீடு எழுதி, விளக்கை எரித்து, பல கார்களில் ரேடியேட்டர் விசிறியையும் முன்னெச்சரிக்கையாக ஓடவிடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதுமே விசிறி சுற்றத் தொடங்குவது இவ்வாறான பிரித்துக் காட்டும் அறிகுறிகளுள் ஒன்று.

ஆனால் ஒயர் அறாமல், கப்ளரின் முனையில் பச்சை பூத்து, அங்கே 280 ஓம் தடை கூடிவிட்டால்? எஞ்சின் உண்மையில் 80 டிகிரி, உணரியின் தடை 320, கூடுதல் 280, மொத்தம் 600 ஓம். கணிப்பொறி 60 டிகிரி என்று படிக்கும். 60 டிகிரி நடக்கக்கூடியதுதான். ஆகவே அது உணரியைச் சந்தேகிக்காது. எஞ்சின் சூடேறவில்லை, தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே இருக்கிறது என்று கருதி, பி0128 என்று எழுதும். இம்முறை பழி தெர்மோஸ்டாட்டின் மேல் விழுகிறது.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் எஞ்சினைக் கிளப்பாமல், குளிர்நீரின் வெப்பநிலையையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும் ஸ்கேனரில் ஒப்பிடுவது நல்ல சோதனை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கப்ளர் அந்தச் சோதனையிலும் தப்பிவிடும். 2500 உடன் 280 சேர்ந்தால் 2780 ஓம். அது 20 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே. குளிரில் சிறு பங்கான அதே தடை, சூட்டில் ஏறக்குறைய சரிபாதியாகிவிடுகிறது. எனவே குளிர்ந்த நிலையில் ஒரு முறையும் சூடான நிலையில் ஒரு முறையும் அளந்தால்தான் உண்மை வெளிப்படும். இயற்பியல் படிக்கும் மாணவர்கள் தொடர் இணைப்பிலுள்ள மின்தடைகளைக் கூட்டக் கற்கிறார்களே, அந்தப் பாடத்தின் பயன் இதுதான்.

வேறு இரண்டு உணரிகள்

வினைத்தண்டின் சுழற்சியை அறியும் உணரிக்கு, அதாவது கிராங்க் சென்சாருக்கு, மிகத் தெளிவான அடையாளம் உண்டு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நடுங்காமல், இருமாமல், சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும். அரைமணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். உள்ளிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து தொடர்பை இழப்பதால் இப்படி நேரும். செல்ஃப் போடும்போது எஞ்சின் சுழன்றும், சுழல்வேகம் காட்டும் முள் பூச்சியத்தை விட்டு நகராவிட்டால் ஐயம் வலுப்படும். இது பணத்தோடு நிற்கும் விஷயமன்று. நெடுஞ்சாலையில் எஞ்சின் திடீரென நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை குறைந்து, இரண்டும் கனத்துப் போகலாம். இந்த அறிகுறியைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள்.

காற்றளவு உணரியில் சூடேற்றப்பட்ட மெல்லிய கம்பியோ படலமோ இருக்கிறது. காற்று அதைக் குளிர்விக்க, சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. தூசு படிந்தால், பெரிய காற்றோட்டத்தை அது குறைத்துச் சொல்லும். இதைப் பிரித்தறியக் கணிப்பொறி செய்யும் எரிபொருள் திருத்தத்தைப் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் திருத்தம் மிகுதியாக இருந்து, வேகம் கூடும்போது குறைந்தால், எங்கோ ஒரு ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்து காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது. ஐட்லிங்கில் சரியாக இருந்து, மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும் திருத்தம் கூடினால், காற்றளவு உணரியையோ பெட்ரோல் பம்பையோ ஐயுறலாம். இரண்டு நிலைக்கும் குறியீடு ஒன்றே: பி0171. குறியீட்டை மட்டும் படிப்பவருக்கு இவ்வேறுபாடு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

பட்டறைக்காரரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அளந்து, ஒப்பிட்டு, சிந்திக்க ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரத்துக்கு நம்மில் பலர் கூலி கொடுக்க விரும்புவதில்லை. “எதையும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?” என்று கேட்கிறோம். பொருளுக்கு விலை கொடுத்து அறிவுக்குக் கொடுக்காத இந்தப் பழக்கமே, பொருளை மாற்றும் பழக்கத்தை வளர்த்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியவை சில. விளக்கு எரிந்ததும், அப்போது எஞ்சின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, வண்டி நின்றதா ஓடியதா, அண்மையில் எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். குறியீட்டை அழிக்குமுன் எழுதிக்கொள்ளும்படியும், கோளாறு நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம் முதலியவற்றைக் கணிப்பொறி பதிந்து வைத்திருப்பதைப் பார்க்கும்படியும் மெக்கானிக்கைக் கேளுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். புதிய உணரி வாங்குமுன் கப்ளர், ஒயர், குழாய்கள் பார்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். பழைய கார் வாங்கப் போனால், சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் அதை யாரேனும் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

கார் உற்பத்தியாளர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பாட்டு ஒலிக்கவும் வழி காட்டவும் அகலமான திரை வைத்த கார்கள் இன்று ஏராளம். அதே திரையில், “எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று முன் ஆக்சிஜன் உணரி கூறுகிறது; காரணம் பலவாகலாம்” என்று தமிழிலோ வேறு தாய்மொழியிலோ ஒரு வரி காட்டுவது தொழில்நுட்பத்துக்கு அரிய செயலா? கணிப்பொறிக்குத் தெரிந்ததைக் காரின் சொந்தக்காரருக்குத் தெரியாமல் வைத்திருப்பதற்கு நல்ல காரணம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதுவரை அந்த மஞ்சள் விளக்கை இப்படிப் புரிந்துகொள்வோம். அது ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. சாட்சி என்ன சொன்னது, அது எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவே முடியாது என்று விசாரித்த பிறகே தீர்ப்புக் கூற வேண்டும். விசாரணைக்கு வேண்டியவை ஒரு மல்டிமீட்டரும், சிறிது பள்ளிக்கூட இயற்பியலும், கொஞ்சம் பொறுமையுமே.